மூட்டு மாற்றினால் மட்டும் போதுமா? வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரம்!



கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் ஒரு குழுவின் வாராந்திரக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது ஒரு பெயருக்கு நேராகத் தொடர்ந்து மூன்று வாரமாகக் கையெழுத்து இல்லை. சந்தா மட்டும் தவறாமல் வந்திருந்தது. "ஏன் இந்த அம்மா வரலை?" என்று கேட்டோம். "அவங்களுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, மருமக கையில சந்தா கொடுத்து அனுப்பிடுறாங்க" என்று ஊக்குநர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் எல்லோருமாக அவர் வீட்டுக்குப் போனோம்.

அந்த அம்மாவுக்கு வயது அறுபதுக்கு மேல். நாற்பது வருடம் நடவு, களை எடுப்பு என்று சேற்றில் நின்ற கால். இப்போது கட்டிலில் படுத்திருந்தார். ஆபரேஷன் செய்த முட்டிக்கு அடியில் பெரிய தலையணை. மருமகள் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, மாமியாருக்குக் கட்டிலிலேயே சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எல்லாம் வைத்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவாராம். "அத்தைய ஒரு துரும்பக்கூட எடுக்க விடலக்கா. கால மடக்கினா வலிக்குதுன்னு அழுவுறாங்க, அதனால மடக்கவே வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் எவ்வளவு பாசம்!

ஆனால் அந்த அம்மாவின் காலை நீட்டச் சொன்னோம். முழுதாக நீட்ட வரவில்லை. மடக்கச் சொன்னோம். அதுவும் வரவில்லை. தையல் பிரித்தாகிவிட்டது, புண் ஆறிவிட்டது. புது மூட்டும் நன்றாக இருக்கிறது. கால் மட்டும் கட்டை மாதிரி நின்றுவிட்டது. யாரும் கெடுதல் செய்யவில்லை. பாசத்தால் வந்த வினை இது!

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இப்போது மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்களை அடிக்கடி பார்க்கிறோம். ஆபரேஷன் டாக்டர் கையில். அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஆறு வாரம் நம் கையில், நம் வீட்டார் கையில். அந்த ஆறு வாரத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

மூட்டு மாற்றுவது என்றால் என்ன?

"முட்டியையே வெட்டி எடுத்துட்டு இரும்பு முட்டி வைப்பாங்களாம்" என்று பல சகோதரிகள் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. நம் முழங்காலில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடத்தில் வழவழவென்று ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. வயதாலும், உடல் எடையாலும், பழைய அடியாலும், வருடக்கணக்காகக் குந்தி உட்கார்ந்து செய்யும் வேலையாலும் அது தேய்கிறது. பிறகு எலும்போடு எலும்பு உரசும். ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். ஆபரேஷனில் தேய்ந்துபோன எலும்பு முனைகளை மட்டும் சீவி எடுத்துவிட்டு, உலோகத்தில் மூடி மாதிரிப் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவே உறுதியான பிளாஸ்டிக் தட்டு வைக்கிறார்கள். அவ்வளவுதான். தசை, நரம்பு, தோல் எல்லாம் நம்முடையதுதான். அந்தத் தசைக்கு வேலை கொடுத்தால்தான் புது மூட்டு வேலை செய்யும்.

பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்கள் 2000 அக்டோபரில் இடது முட்டிக்கும், 2001 ஜூனில் வலது முட்டிக்கும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். அப்போதுதான் நம்மில் பலர் இப்படி ஒரு ஆபரேஷன் இருப்பதையே கேள்விப்பட்டோம். அன்று அது பெரிய மனிதர்கள் சமாச்சாரம். பிறகு 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம், முட்டிக்குள் வைக்கும் உலோகப் பொருளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய்தான் என்று வைத்தார்கள். அரசுக் காப்பீடும் வந்தது. இன்று நம்மைப் போன்றவர்களுக்கும் இது எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். முட்டி வலி வந்தவுடன் ஆபரேஷன்தான் என்று நினைக்க வேண்டாம். எடை குறைப்பது, தொடைத் தசைக்குப் பயிற்சி, மாத்திரை இவற்றிலேயே பலருக்குச் சரியாகிறது. இதற்கெல்லாம் கேட்காமல், ராத்திரித் தூக்கமே போய்விட்டது, வாசல் வரை நடக்க முடியவில்லை என்ற நிலையில்தான் டாக்டர் ஆபரேஷன் சொல்லுவார்.

போவதற்கு முன்பே வீட்டைத் தயார் செய்வோம்

நாம் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே பந்தக்கால் நடுகிறோம். ஆபரேஷனுக்கு மட்டும் முதல் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் "ஐயோ, கட்டில் இல்லையே, கக்கூஸ் கீழே குந்துற மாதிரி ஆச்சே" என்று அலைகிறோம். முன்கூட்டியே செய்ய வேண்டியவை இவை:

கட்டில்: பாயில் படுத்து எழக் கூடாது. தொய்ந்துபோகும் கயிற்றுக் கட்டிலும் வேண்டாம். பலகைக் கட்டில் நல்லது. ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும், முட்டி இடுப்பைவிட உயரக் கூடாது.

நாற்காலி: கைப்பிடி உள்ளது வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டைப் போட்டு, சுவரை ஒட்டி வையுங்கள். அசையாமல் இருக்கிறதா என்று வேறொருவர் உட்கார்ந்து பார்த்த பிறகு அவரை உட்கார வையுங்கள்.

கழிப்பறை: இதுதான் நம் வீடுகளில் பெரிய பிரச்சினை. குந்தி உட்காரும் கழிப்பறையைப் பயன்படுத்தவே கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி வாங்கி அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். கைப்பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கொல்லைப்பக்கம் வெளியே போகிற பழக்கம் உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே இதற்கு ஏற்பாடு செய்யாமல் தேதி வாங்க வேண்டாம்.

தரை: வழியில் கிடக்கும் கோணி மிதியடி, பாய், ஒயர், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குளிக்கிற இடத்தில் பாசி இருந்தால் தேய்த்துக் கழுவுங்கள். ராத்திரி எழுந்து போகிற வழியில் ஒரு விளக்கு எரியட்டும். கோழியும் நாய்க்குட்டியும் காலில் சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது மூட்டோடு வழுக்கி விழுந்தால் பழையபடி ஆஸ்பத்திரிதான்.

சக்கரையும் பிரஷரும்: இரண்டையும் முன்பே கட்டுப்பாட்டில் கொண்டு வர வேண்டும். சக்கரை அதிகமாக இருந்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். சொத்தைப் பல், காலில் ஆறாத புண், சிறுநீர்க் கடுப்பு இருந்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் கிருமி புது மூட்டுக்குப் போய்விடும்.

முதல் இரண்டு வாரம்

தையல் அல்லது கிளிப்பைச் சுமார் பத்து முதல் பதினான்கு நாளில் பிரிப்பார்கள். அதுவரை கட்டு நனையக் கூடாது. டாக்டர் அனுமதிக்கும் வரை துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள். கட்டைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மஞ்சள் பற்று, எண்ணெய், பச்சிலை எதுவும் புண்மேல் வேண்டாம். "ரெண்டு நாள் தைலம் போட்டு நல்லா உருவி விட்டா சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். முட்டியையும் கெண்டைக்காலையும் உருவவே கூடாது. காலில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தால், உருவும்போது அது நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடும். உயிருக்கே ஆபத்து.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ சில வாரத்துக்குக் கொடுப்பார்கள். "வலி இல்லையே, எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடாதீர்கள். அது வலி மாத்திரை இல்லை. எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாளும் போட வேண்டும்.

வீக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். சில மாதம் வரை கொஞ்சம் வீக்கமும் சூடும் இருப்பது சகஜம். தழும்புக்கு வெளிப்பக்கம் தொட்டால் மரத்த மாதிரி இருப்பதும் சகஜம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். நேராகத் தோலில் படக் கூடாது.

சாப்பாட்டில் பத்தியம் என்று சொல்லி வெறும் ரசம் சாதம் கொடுக்கிறார்கள். முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்பது தவறு. புண் ஆறவும் தசை வளரவும் முட்டை, மீன், பயறு, பருப்பு, பால், கீரை எல்லாம் வேண்டும். வலி மாத்திரை மலச்சிக்கல் கொடுக்கும். அதனால் தண்ணீர், காய், பழம் அதிகம் கொடுங்கள். "பாத்ரூம் போக யாரையாவது கூப்பிடணுமே" என்று கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாமியார்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதைக் கவனித்துக் கேளுங்கள்.

தலையணையை எடுங்கள்!

முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகம்தான் காலைக் கெடுக்கிறது. மடங்கியபடியே இருந்தால் பின்பக்கத் தசை இறுகி, பிறகு கால் நேராகாது. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடக்க வேண்டியிருக்கும். வீக்கத்துக்குக் காலை உயர்த்த வேண்டுமானால் குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரை தாங்கும்படி வையுங்கள். முட்டி நேராக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை வீட்டிலும் செய்ய வேண்டும். பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பவை இவை:

1. படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை, பத்து இருபது முறை. ரத்தம் உறையாமல் இருக்க இது உதவும்.

2. காலை நீட்டி வைத்து, முட்டியின் பின்பக்கத்தால் மெத்தையை அழுத்துவது. ஐந்து எண்ணும் வரை அழுத்தி விடுவது. பத்து முறை.

3. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டி தானாகக் கீழே இறங்கும்படி ஐந்து பத்து நிமிடம் விடுவது. நீட்ட வராதவர்களுக்கு இது முக்கியம்.

4. குதிகாலைப் படுக்கையோடு ஒட்டி மெதுவாகத் தன் பக்கம் இழுத்து மடக்குவது, பிறகு நீட்டுவது.

5. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு, முடிந்த வரை பின்னால் மடக்குவது. நல்ல காலால் மெதுவாகத் தள்ளி உதவலாம்.

6. முட்டியை மடக்காமல் காலை ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குவது.

காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை செய்ய வேண்டும். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் செய்ய முடியும். வலிக்கத்தான் செய்யும். செய்யும்போது வலித்து, பிறகு ஒரு மணி நேரத்தில் அடங்கினால் அது நல்ல வலி. ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வலித்து, வீக்கமும் ஏறினால் அன்று அதிகமாகச் செய்துவிட்டோம் என்று அர்த்தம். மறுநாள் கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள். ஆனால் நிறுத்தக் கூடாது.

ஏன் இவ்வளவு அவசரம்? உள்ளே புண் ஆறும்போது தழும்புச் சதை வளர்கிறது. காலை ஆட்டிக்கொண்டே இருந்தால் அது இளகிய நிலையில் ஆறும். ஆட்டாமல் விட்டால் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தால் கீழ்க்கால் நேராகத் தொங்கும் அளவுக்கு, அதாவது 90 டிகிரி மடங்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் 110 டிகிரிக்கு மேல் வந்துவிட்டால் படி ஏறலாம், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழலாம். அந்த நாட்களைத் தவறவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத்தான் காலை மடக்க வேண்டி வரும்.

நடப்பதும் படி ஏறுவதும்

ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ ஆஸ்பத்திரியிலேயே வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள். வீட்டிலும் தினம் நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் ஆன வலது கால் என்றால் இடது கால், கடைசியில் கைத்தடி! என்று சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வாக்கரை முன்னால் வை, ஆபரேஷன் காலை வை, பிறகு நல்ல காலை வை. வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்.

படிக்கு ஒரு வாசகம் இருக்கிறது: "ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது ஆபரேஷன் கால்." ஏறும்போது முதலில் நல்ல காலை மேல்படியில் வைக்க வேண்டும். இறங்கும்போது முதலில் ஆபரேஷன் காலைக் கீழ்ப்படியில் வைக்க வேண்டும். வாசல் நிலைப்படி தாண்டுவதற்கும் இதே கணக்குதான்.

டூவீலரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவது, புறநகர் ரயிலில் நெரிசலில் ஏறுவது, நெருக்கி உட்காரும் ஷேர் ஆட்டோ, இதெல்லாம் டாக்டர் சரி என்று சொல்லும் வரை வேண்டாம். தரையில் சம்மணம் போடுவதும் குந்தி உட்காருவதும் பிறகும் வேண்டாம். அடுப்பு, அம்மி, துவைக்கிற கல் எல்லாவற்றையும் நின்றபடியோ நாற்காலியில் உட்கார்ந்தபடியோ செய்யும் உயரத்துக்கு மாற்றிக்கொள்வோம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் புது மூட்டு நீண்ட காலம் உழைக்கும். பல நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2019-ல் வெளிவந்த ஆய்வு, பத்து முட்டிகளில் எட்டு 25 வருடம் வரை நீடிப்பதாகச் சொல்கிறது.

யார் எந்த வேலை?

சகோதரிகளே, இங்கேதான் நாம் மனம்விட்டுப் பேச வேண்டும். வீட்டில் ஒரு ஆணுக்கு ஆபரேஷன் என்றால் மனைவி கூடவே இருப்பார். ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் என்றால்? இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, பத்தாவது நாளே "நீதான் நடக்கறியே" என்று அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் மருமகளோ மகளோ தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, படுக்க வைத்துவிடுகிறார்கள். இரண்டும் தப்பு.

உதவி என்றால் அவருக்குப் பதிலாக நாம் செய்வது இல்லை. அவர் செய்யும்போது பக்கத்தில் நிற்பது. தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுப்பதைவிட, மூன்று அடி தள்ளி மேசையில் வைத்து எழுந்து எடுக்கச் சொல்வது உதவி. ஆனால் தண்ணீர்க் குடம் தூக்குவது, மாட்டுக்குத் தீவனம் வைப்பது, குனிந்து பெருக்குவது, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்வது, இவற்றை வீட்டார்தான் செய்ய வேண்டும்.

நம் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். காலை ஷிப்டு, மாலை ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று மாறி மாறி வரும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். காலைப் பயிற்சிக்குப் பக்கத்தில் இருப்பது யார்? மதியம் யார்? மாத்திரை யார் பொறுப்பு? ராத்திரி பாத்ரூமுக்கு எழுப்பினால் யார் எழுவது? கணவரும் மகனும் இந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பேத்தி எண்ணிக்கை சொல்லலாம். "ஆயா, இன்னும் மூணு தடவை!" என்று பிள்ளை சொன்னால் எந்த ஆயாதான் செய்யாமல் இருப்பார்?

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பலருக்கு மனசு உடைந்துபோகும். "ஏன்தான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டோமோ" என்று அழுவார்கள். தூக்கம் வராது. இது நிறையப் பேருக்கு வருகிற ஒன்று, கடந்துபோய்விடும். திட்டாதீர்கள். நேற்று எவ்வளவு மடங்கியது, இன்று எவ்வளவு என்று காட்டுங்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, தொட்டால் வலித்தால். காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால். புண்ணிலிருந்து நீரோ சீழோ வந்தால். சிவப்பும் வலியும் நாளுக்கு நாள் கூடினால். திடீரென்று கால் ஊன்ற முடியாமல் போனால் அன்றே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இடுப்பு மூட்டு மாற்றியிருந்தால்

கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களுக்கும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். இதில் பயம் வேறு. முட்டி இறுகிப்போகும் என்று கவலைப்படுகிறோம். இடுப்பு மூட்டோ நழுவிவிடக் கூடாது. தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது. குனிந்து கீழே கிடப்பதை எடுக்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வேண்டும். எத்தனை வாரம் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முட்டிக்குச் சொன்ன பயிற்சியை இடுப்புக்குச் செய்ய வேண்டாம்.

பணத்துக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று ஆபரேஷன் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைத்த பிறகு குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு. கார்டு இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றோடு திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். கட்டணமில்லா எண் 1800 425 3993. எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஆபரேஷனுக்குக் கார்டு செல்லும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் கடன்தான் மிச்சம்.

மகனுக்கோ மகளுக்கோ கம்பெனிச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? அப்படியென்றால் அவர்களை நம்பி வாழும் பெற்றோருக்கும் இ.எஸ்.ஐ.-யில் வைத்தியம் உண்டு. பெற்றோர் பெயரைப் பதிவு செய்யாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். சம்பளச் சீட்டை எடுத்து இன்றே பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பிசியோதெரபிக்கு ஆட்டோ வைத்துப் போக வசதி இல்லையா? 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வரும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அதில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களாக நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களையே தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுத்துக் கேளுங்கள்.

நம் குழு என்ன செய்யலாம்?

* ஆபரேஷன் தேதி தெரிந்தவுடன் அந்த உறுப்பினரின் கடன் தவணையைப் பற்றி முன்பே பேசித் தீர்மானம் எழுதலாம். தவணை தவறிய பிறகு பேசினால் மனவருத்தம்தான்.

* வாக்கரும் கமோடு நாற்காலியும் சில மாதத்துக்குத்தான் தேவை. பிறகு பரண்மேல் தூங்கும். ஊராட்சிக் கூட்டமைப்பில் ஒரு செட் வாங்கி வைத்து, தேவைப்படுகிறவர்களுக்குச் சிறு வாடகைக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் வாக்கரின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

* பகலில் தனியாக இருப்பவர் வீட்டுக்கு உறுப்பினர்கள் முறை வைத்துப் போய், மதியப் பயிற்சிக்குப் பக்கத்தில் இருக்கலாம். ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் போதும்.

* ஒரு கூட்டத்தை அவர் வீட்டு வாசலிலேயே நடத்தலாம்.

அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

அன்றே தலையணையை எடுத்தோம். மறுநாள் மருமகள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். "இன்னும் காலம் கடக்கலை, ஆனா இனிமே விடக் கூடாது" என்று டாக்டர் கண்டித்துச் சொன்னாராம். வீட்டில் தாள் எழுதி ஒட்டினார்கள். மகன் காலைப் பயிற்சி, குழுப் பெண்கள் மதியம், பேரன் மாலை. முதல் வாரம் அந்த அம்மா வலியில் எல்லோரையும் திட்டினார். மருமகள் சமையல்கட்டில் நின்று அழுதார். "அவங்க கத்துறதப் பார்த்தா நான் பாவம் செய்யற மாதிரி இருக்குக்கா" என்று எங்களிடம் போனில் சொன்னார். ஆனால் விடவில்லை.

மூன்று மாதம் கழித்துப் போனபோது அவரே வாசலுக்கு வந்து எங்களை வரவேற்றார். கையில் தடி இருந்தது. "பேங்க் படி ஏறி என் கையெழுத்த நானே போட்டுட்டு வந்தேன்" என்றார். பிறகு மருமகளைக் காட்டி, "இவதான் என் பிசியோ டாக்டரு. ரொம்பக் கண்டிப்பு!" என்று சிரித்தார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக மறுபடியும் கையெழுத்து இருக்கிறது.

வலிக்கிறதே என்று விட்டுவிடுவதும் பாசம்தான். வலித்தாலும் பக்கத்தில் நின்று செய்ய வைப்பதும் பாசம்தான். புது மூட்டுக்கு இரண்டாவது பாசம் வேண்டும்.

சகோதரிகளே, இதை உங்கள் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் குழுவில் மூட்டு ஆபரேஷன் செய்தவர் யாராவது இருக்கிறாரா? இன்று அவரால் காலை முழுதாக நீட்ட முடிகிறதா? பகலில் அவரோடு யார் இருக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் கண்டு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கூட்டம் முடிந்ததும் அவர் வீடு வரை ஒரு நடை போய் வாருங்கள்.